நோர்வேயில் நானா என்றால்

செய்தி எனக்குப் பாடசாலை வாசலில் வந்தது. எங்களோடு கணிதம் படிப்பிக்கும் ரிஸ்வானா டீச்சர் தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "யட்டிநுவர வீதி பித்தளக் கட ஜுனைத் நானா மௌத்தாம். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கமாம். ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள்தானே?" என்றார். தெரிந்த ஆள்தான். பெயர் காதில் விழுந்தாலே நான் பேச்சை மாற்றிவிடும் அளவுக்குத் தெரிந்த ஆள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பது என்ற கோபம்.

அவரை அறிந்தவர்கள் கண்டியில் ஏராளம். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நல்லதும் இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது எவ்வளவு வலித்தது என்று உங்களுக்கு விளங்கும்.

நான் அப்போது தெல்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் வேலை செய்தேன். சனிக்கிழமை டவுனுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் அவருடைய கடை. குத்துவிளக்கு, மணி, தட்டு, கிண்ணம் என்று பிலிமத்தலாவையிலிருந்து எடுத்துவந்த பித்தளைச் சாமான்கள். உள்ளே தில்லியிலிருந்து வந்த ஒரு குடும்பம் விலை பேசிக்கொண்டிருந்தது. பஸ் கொண்டக்டர் ஒருவர் வெளியிலிருந்து "நானா!" என்று கூப்பிட, அந்தக் குடும்பத்துக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஊரில் நானா என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தாவாம். ஜுனைத் நானாவுக்கு அப்போது தலையில் ஒரு நரை கிடையாது. "இங்க நானா எண்டா எங்கட ஆக்களுக்கு மூத்த சகோதரன். அங்க போனா நான் கெழவனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆந்திரத்தில் தகப்பனையே ஏறத்தாழ அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நான் சொன்னேன். மழை விட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அது அவருக்கு ஒரு பைத்தியமாகிவிட்டது. கடைக்குள் கால் வைக்கிற எந்த வெளிநாட்டுக்காரரையும் அவர் விடமாட்டார். விலையைச் சொல்வதற்கு முன்பே, உங்கள் ஊரில் நானா என்றால் என்ன என்று தன் கடை இங்கிலீசில் கேட்பார். ஜப்பானியத் தம்பதி ஏழு என்றார்கள். ஸ்பெயின்காரி தாலாட்டு என்றாள், பாடியும் காட்டினாள். ஹவாயிலிருந்து வந்தவர் பார்ப்பது என்று அர்த்தம் சொன்னார். கானா நாட்டில் ஊர்த் தலைவரின் பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதைச் சொல். பிரான்ஸ்காரர் ஒருவர் மனைவி பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, இளம்பெண் என்று மெதுவாகச் சொன்னாராம். சிங்களத்தில் நானவா என்றால் குளிப்பது. எங்கள் வீட்டில் கண்ணாடி உடைந்தால் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வியும் நானாதான் என்று நான் சொன்னபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சொல்லு எண்டா ரயில்ல ஏறின ஆள் மாதிரி தங்கச்சி. எந்த ஸ்டேசன்ல எறங்குதோ அங்கத்த உடுப்பப் போட்டுக்கொள்ளும்" என்பார். சனிக்கிழமைதோறும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வாரப் பத்திரிகையில் அது பத்தியாக வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் மஹய்யாவைக்காரி. நகரத்தின் தெருக்களைக் கூட்டியவர்களின் மகள். என் முகவரியைக் கேட்டதும் குரல் மாறிப்போகிறவர்களை இந்த நகரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜுனைத் நானாவின் கடையில் எனக்கு எப்போதும் ஒரு கதிரை இருந்தது. தேத்தண்ணி வந்தால் அவர் குடிக்கும் அதே மாதிரிக் கோப்பையில் எனக்கும் ஒன்று வரும். ஒருநாள் அவருடைய கூட்டாளி வியாபாரி ஒருவர், இந்த டீச்சர் எந்தப் பக்கம் என்று இழுத்தபோது, "எனக்குத் தங்கச்சி. அந்தப் பக்கம்" என்று வாயை அடைத்தார். நான் அவரை நானா என்று கூப்பிட்டது ஊர் கூப்பிடுகிறதே என்பதற்காக அல்ல.

பிறகு நோய்க்காலம் வந்தது. அது முடிந்ததும் பெற்றோல் வரிசைக் காலம். புத்தரின் பல் இருக்கும் மாளிகாவைப் பக்கம் வெளிநாட்டுக்காரரின் நிழல்கூட விழவில்லை. பாதிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஆனால் நான் போகும்போதெல்லாம் அவரிடம் ஒரு புதுச் சொல் இருந்தது. பெருவில் நானா என்றால் ஆட்டின் கழுத்து மணி. மங்கோலியாவில் விருந்தாளிக்குப் பால் கொடுக்கும் கிண்ணம். நோர்வேயில், கடலுக்குப் போன ஆள் திரும்பி வரும்வரை வீட்டில் அணைக்காமல் வைத்திருக்கும் விளக்கு. "முந்தி வந்தவன் சென்னது, இப்பதான் ஞாபகம் வந்தது" என்பார். அந்த விளக்கைப் பற்றி நான் ஓர் அத்தியாயமே எழுதினேன். நான் எழுதியதில் அதுதான் சிறந்தது என்று வாசித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

புத்தகமாகப் போடலாம் என்று சொன்னவரும் அவரேதான். எனக்குப் பயமாக இருந்தது. "இதுக்கெல்லாம் ஆதாரம் எங்கேன்னு யாராச்சும் கேட்டா என்னங்க நானா சொல்றது?" என்று கேட்டேன். "என்னக் காட்டுங்க. நான் எழும்பிச் சாட்சி செல்லுறன். வியாபாரிக்கு வாக்குத்தானே முதல்" என்றார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அச்சகத்துக்குப் போனேன். எங்கள் தெருவில் புத்தகம் எழுதியவர் அதுவரை யாரும் இல்லை.

வெளியீட்டு விழாவுக்கு எங்கள் தெருப் பெண்கள் இருக்கிற நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். என் அம்மா இரண்டாம் வரிசையில். முதல் வரிசையில் நகரத்து வியாபாரிகளும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் இருந்தார்கள். முதற்பிரதியை ஜுனைத் நானாவின் கையில் கொடுத்தேன். விளக்கு அத்தியாயத்தை ஒருவர் வாசித்தார். கடைசியில், ஊரைப் பார்க்க வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் எழுந்தார். "நான் சின்ன வயசிலையிருந்து நோர்வேயிலைதான் இருக்கிறன். கடற்கரை ஊரிலைதான் கலியாணம் கட்டினனான். அப்பிடி ஒரு சொல்லும் இல்லை, அப்பிடி ஒரு விளக்கும் இல்லை. இது எங்கை எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். அவர் குரலில் குத்தல் இருக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் பதறவில்லை. சாட்சி முன்வரிசையில் இருக்கிறாரே. "நானாவோட கடையில ஒரு நோர்வேக்காரர் சொன்னதுங்க. இதோ, அவரே இருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஜுனைத் நானா எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த நிருவாகத்தினரைப் பார்த்துத்தான் பேசினார். "நான் பித்தள விக்கிற ஆள். எனக்கு நோர்வே எந்தப் பக்கம் ஈக்கிண்டே தெரியா. டீச்சர் படிச்சவங்க. எங்கயாவது பார்த்து எழுதியிருப்பாங்க" என்றார். சபை சிரித்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் யாரை நம்புவது என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. யட்டிநுவர வீதியில் கடை வைத்திருப்பவரையும் மஹய்யாவையிலிருந்து வந்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யோசிக்க என்ன இருக்கிறது? அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். என் அம்மா, எல்லோரும் சிரிக்கிறார்களே, நல்லதாக ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று தானும் சிரித்தார்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?"

"பள்ளிவாசல் ஆக்கள் எல்லாம் முன்னுக்கு இருந்தாங்க தங்கச்சி. அவங்களுக்கு முன்னால நான் பொய்க்காரனாகவா? ஒங்களுக்கு என்ன, நாலு பேர் சிரிச்சிட்டு மறந்துடுவாங்க."

"அப்போ அது பொய்தானா?"

அவர் இழுத்துப் போட்ட கதிரையைத் திரும்பத் தள்ளிவைத்தார். பிறகு, "ஒருத்தரும் வராத காலத்துல நீங்க மட்டும்தான் வந்த. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல்ல" என்றார்.

அப்போதுதான் நான் சாமான் அடுக்கியிருந்த சுவர்த் தட்டுகளைப் பார்த்தேன். ஆட்டு மணி அங்கே தொங்கியது. கிண்ணம் அதற்குக் கீழே. விளக்கு அவர் கைக்கெட்டும் தூரத்தில். கண்ணில் பட்ட சாமானுக்கெல்லாம் ஒவ்வொரு நாட்டைக் கொடுத்து, வெள்ளைக்காரனுக்கு விற்க முடியாததை எனக்கு விற்றிருக்கிறார். "வெறுங்கையோடயே அனுப்பியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவில்லை. பத்திரிகை பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆசிரியர் அறையில் எனக்கு நோர்வே டீச்சர் என்று பெயர் வந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நான் இரண்டாவது புத்தகம் எழுதவில்லை. அவர் நோயில் விழுந்தார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து தொலைபேசி அடித்தால் அவராக இருக்குமோ என்று எடுத்தேன். என் இலக்கத்தை நான் மாற்றவில்லை.

அடக்கத்துக்கு முன்பே கட்டுகஸ்தோட்டையில் அவருடைய வீட்டுக்குப் போனேன். போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, கால் போனது. அவருடைய மனைவி நஸீமா தாத்தா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. உள்ளறையில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "இவங்கதான் எங்கட வாப்பாட புத்தகத்த எழுதின டீச்சர்" என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினாள். வாப்பா கடைசி மட்டும் வீட்டில் அதைப் பற்றித்தான் பேசுவாராம். வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்வாராம். "அந்த நோர்வே வெளக்கு ஈக்கே டீச்சர், அது வாப்பாட மூளைல உண்டாக்கினதாம். நான்தான் சென்ன, நான்தான் சென்ன எண்டு எவ்வளவு பெருமையா செல்லுவாங்க தெரியுமா?" என்றாள். அவள் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. மண்டபத்தில் நடந்ததை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. செலவில்லாத இடத்தில் அது அவருடைய புத்தகம். விலை கொடுக்க வேண்டிய இடத்தில் என்னுடையது.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் மகன் முற்றத்தில் நின்று பேசினார். அது அவர்கள் வழக்கம். "எங்கட வாப்பா யாருக்காவது கடமப்பட்டிருந்தா எங்கள்ட்ட செல்லுங்க. யாருட மனசயாவது நோக வெச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்றார். வெளியே ஆண்கள் மன்னிச்சோம் என்றார்கள். உள்ளே பெண்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நஸீமா தாத்தா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒங்கள தங்கச்சி தங்கச்சி எண்டுதான் செல்லுவாரு. நீங்களும் ஒரு வார்த்த செல்லிடுங்க" என்றார். மகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைவரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நான் நஸீமா தாத்தாவைக் கட்டிப்பிடித்தேன், அழுதேன், அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அழுகையில் சொல்லிவிட்டேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

அந்த மண்டபத்தில் அன்று இருந்தவர்களுக்கு இப்போது சொல்கிறேன்: அவர் சொன்னதைத்தான் நான் எழுதினேன். நானாக ஒரு சொல்லையும் கட்டவில்லை. இதை எழுதி வாங்கவோ சத்தியம் செய்யவைக்கவோ இனி ஆள் இல்லை. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது என்ன என்று கேட்டால், இரண்டு சொல்வேன். இப்போது எந்தக் கடையில் ஏறினாலும் நான் முதலாளி என்றுதான் கூப்பிடுகிறேன். நானா என்ற சொல்லை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது ஒன்று. மற்றது, நான் கொடுக்காமல் வந்த மன்னிப்பு. அதை அவருடைய மகன் கேட்டார், மனைவி கேட்டார், ஒன்றும் அறியாத மகள்கூடக் கண்ணால் கேட்டாள். கடைக்கு வந்த உலகத்தையெல்லாம் நிறுத்திவைத்துக் கேட்ட மனிதர், அதை என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.