அம்மா அறுத்த தேக்குக் கட்டில்

பாலை மரத்தில் ஆணி அடிக்கும்போது முதல் அடிக்கு 'ணங்' என்று ஒரு சத்தம் வரும், அடுத்த அடிக்கு அதைவிட மெலிதாய் இன்னொன்று வரும், அதற்கடுத்த அடிக்குச் சத்தமே வராது. ஆணி வளைந்து படுத்திருக்கும். எங்கள் முற்றத்தில் அப்படி வளைந்து கிடந்த ஆணிகளைப் பொறுக்கிக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்குவதுதான் சிறுவயதில் எனக்குக் கிடைத்த விளையாட்டு. வன்னிக் காட்டு மரங்களின் வைரத்தைப் பற்றி இப்போது எல்லாரும் பெருமையாகப் பேசுகிறார்கள். பாலைக்கு நிகருண்டா, முதிரைக்கு ஈடுண்டா என்று கேட்கிறார்கள். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனாலும் இந்தப் பேச்சு வரும்போது மட்டும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை. பாலை எங்களுக்கு வீடு தந்தது, உண்மைதான். அதே பாலை எங்கள் காணியைப் பறிக்கவும் பார்த்தது.

ஐம்பதுகளின் கடைசியில், வன்னியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றம் ஒன்றில் எங்களுக்கு வயற்காணியும் மேட்டுக்காணியும் கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தோம். அப்பு, என் தகப்பன், பிறந்து வளர்ந்த ஊரில் மரம் என்றால் பனைதான். கூரை வளையும் பனை, கிணற்றுத் துலாவும் பனை, வேலிக்கும் பனை, அடுப்புக்கும் பனை. அப்படிப்பட்ட மனிதர் காடு வெட்டத் தொடங்கியதும் பாலையும் முதிரையும் கருங்காலியும் விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, புதையல் கண்டவர் போலாகிவிட்டார். முதிரையைப் பிளந்தால் மஞ்சள் பட்டுச் சேலையை விரித்தது போல மினுங்கும். ஆனால் அதை அறுக்கும் தூள் பட்டால் கையெல்லாம் கடிக்கும், அம்மா இரண்டு நாள் சொறிந்துகொண்டு திரிந்தா. கருங்காலியில் உலக்கை செய்தார்கள்; வெளியில் வெள்ளையாய் இருக்கும் கட்டையைச் செதுக்கச் செதுக்க உள்ளிருந்து கரி போன்ற வைரம் வெளிவரும். ஆனால் அப்புவின் மனம் பாலையில்தான் விழுந்தது. சிவந்த கறுப்பில், குளத்தில் போட்டால் கல்லைப் போல அமிழ்ந்துபோகிற மரம் அது.

"இதைக் கறையான் திண்ணாது, மழை திண்ணாது, எங்கட பேரப்பிள்ளையளும் இதைத் திண்டு முடிக்காதுகள்" என்று அப்பு சொல்லுவார். வீட்டுக் கூரையைத் தாங்கும் கப்பு, வேலிப் படலை, உரல், கிணற்றுக் குறுக்குக்கட்டை எல்லாவற்றையும் பாலையில் செய்தார். நான் இருந்து சாப்பிட ஒரு பலகையும் பாலையில் செய்து தந்தார். அதைத் தூக்க எனக்குப் பலமில்லை. ஆகவே பலகை கிடந்த இடத்தில்தான் நான் சாப்பிட்டேன். வெயில் வந்தாலும் அங்கேதான்.

அந்த வெறியில்தான் அவர் நுகத்தடியையும் பாலையில் செய்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தான் செய்யக்கூடிய பிழை அது. கலப்பைக்கு வைரமான மரம் வேண்டும், மண்ணைக் கிழிக்கிறது அதுதான். நுகத்துக்கோ பாரமில்லாத மரம் வேண்டும், அது கிடக்கிறது உயிருள்ள கழுத்தின்மேல். மர வகை காணாத எங்களுக்கு, உறுதியானது எல்லாம் நல்லது என்ற ஒரே கணக்குத்தான் தெரிந்திருந்தது.

ஐப்பசி மழை விழுந்து எல்லாரும் வயலில் இறங்கினார்கள். நாங்கள் முந்தின வருச மழையில் விதைத்திருக்கவேண்டிய காலபோகத்தைக் காடு வெட்டுவதிலேயே கழித்திருந்தோம். எங்கள் வயல் தரிசாய்க் கிடந்ததைப் பார்த்த குடியேற்றக் காணிகளை மேற்பார்க்கும் ஓவசியர், "இந்த முறையும் விதைப்பில்லை எண்டால் காணியை வேற ஆளுக்குக் குடுத்துப் போடுவன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வயற்காரர் கந்தையர் அப்போது அருகில்தான் நின்றார். அவருடைய தம்பி ஊரில் காணியில்லாமல் இருந்தான்.

எங்கள் மாடுகள் இரண்டு நாள்தான் உழுதன. மூன்றாம் நாள் காலையில் வெள்ளையன் எழும்பவில்லை. கழுத்தைத் தடவிய அம்மாவின் கையில் இரத்தம் பட்டது. மற்ற மாட்டுக்கும் தோல் உரிந்திருந்தது. கந்தையர் வரம்பில் நின்று, "என்ன தம்பி, மாடு வயலை உழுகுதோ, பாலை மாட்டை உழுகுதோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

அப்புவுக்கு ரோசம் வந்துவிட்டது. நுகத்தைச் செதுக்கி மெலிய வைக்கிறேன் என்று வாச்சியை எடுத்தார். பச்சையாய் இருக்கும்போது ஓரளவு வேலைக்கு இணங்குகிற பாலை, காய்ந்தபின் இரும்பாகிவிடும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாச்சி மரத்தில் இறங்காமல் தெறித்து, அப்புவின் கணைக்காலில் இறங்கியது. எலும்பு தெரிந்தது. ஆசுபத்திரியில் தைத்து அனுப்பினார்கள், காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்றார்கள்.

நுகம் இரவல் கேட்கலாம். மழை விழுந்த நாட்களில் எவரிடமும் சும்மா கிடந்த நுகம் இல்லை. காட்டில் வேறு மரம் வெட்டலாம். வெட்டுகிற ஆள் பாயில் படுத்திருந்தார், பச்சை மரம் காயும்வரை மழை காத்திருக்கப் போவதுமில்லை. கந்தையர் ஒரு மாலையில் வந்து முற்றத்தில் குந்தியிருந்து, மிக அன்பாக, "தங்கச்சி, வீணாய்க் கரைச்சல்படாதை. காணியை என்ர தம்பிக்கு விட்டுட்டு ஊருக்குப் போங்கோ" என்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா.

அப்புவின் தமக்கை, என் மாமி, தம்பிக்குக் காலில் வெட்டு என்று கேள்விப்பட்டு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தா. மாமிக்கும் அதே கதைதான். "காட்டுக்கு வந்து என்னத்தைக் கண்டியள்? பிள்ளையளின்ர நிறத்தைப் பார். வாங்கோ, ஊருக்குப் போவம்."

மறுநாள் காலையில் அம்மா வீட்டுக்குள்ளிருந்த கட்டிலில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தா. அது அவவின் சீதனக் கட்டில். வல்வெட்டித்துறைக்குக் கப்பலில் வந்த பர்மாத் தேக்கில் அவவின் தகப்பன் செய்வித்துக் கொடுத்தது. லொறியில் ஏற்றும்போது பானை சட்டிகளைக்கூட விட்டுவிட்டு அதைத்தான் முதலில் ஏற்றினோம். கை வைத்தால் எண்ணெய் பூசியது போல வழுவழுப்பாய் இருக்கும். மழைக்காலத்தில் மற்றப் பலகையெல்லாம் ஊதிக் கோணும்போது அது மட்டும் ஒரு மயிரளவும் அசையாது. அதன் நீளச் சட்டம் அம்மாவின் கைக்குள் அடங்காத பருமன். ஆனால் அதைத் தூக்க ஒருவர் போதும்.

அம்மா அப்புவின் கைவாளை எடுத்துக்கொண்டு வந்ததும்தான் மாமிக்கு விளங்கியது.

"உனக்கென்ன விசரோ? பர்மாத் தேக்கு! சாமியறைக் கதவுக்கே கிடைக்காத மரம். அதைக் கொண்டுபோய் மாட்டின்ர கழுத்தில போடப் போறியோ?"

"மாடு அதில படுத்து நித்திரை கொள்ளப் போறேல்லை மச்சாள். உழப் போகுது."

"சீதனக் கட்டிலை வெட்டுறவளும் ஒரு பொம்பிளையோ?"

அம்மா வாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தா. "கட்டில் என்ர தகப்பன் தந்தது. காணி அரசாங்கம் தந்தது. ரெண்டிலயும் உங்களுக்குப் பங்கில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, தூள் பறக்கும்."

மாமி தம்பியைப் பார்த்தா. அப்பு பாயிலிருந்து கைகளை ஊன்றி அரக்கி அரக்கி வந்து, சட்டத்தின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அறுக்கிறதெண்டால் நேரா அறு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

தேக்கின் தூள் முதிரைத் தூள் போலக் கடிக்கவில்லை. பழைய தோற் பையைத் திறந்தது போல ஒரு மணம் வீடெங்கும் பரவியது. வாள் இறங்கிய இடமெல்லாம் புதிதாய்ப் பொன் நிறம் காட்டியது. அம்மா துறப்பணத்தால் கழுத்துக் கயிற்றுக்குத் துளைகள் போட்டா. கழுத்தில் படும் இடத்தை வளைவாகச் செதுக்கியது அப்பு, இருந்த இருப்பில். அன்று மத்தியானமே நுகம் தயாரானது. புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, காயும்வரை மாடுகளை மேய விட்டு, பிறகு நுகத்தின் அடியில் சாக்குத் துண்டு சுற்றி அம்மா அவற்றைப் பூட்டினா.

பூட்டினது சரி, கலப்பையை யார் பிடிப்பது என்று எவரும் கேட்கவில்லை. அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டா.

அந்தக் காலத்தில் நாற்று நடவும் அறுவடையில் அரிவி வெட்டவும் சூடு மிதிக்கவும் பெண்கள் வரலாம். கலப்பையின் பிடியைத் தொடக்கூடாது. தொட்டால் மழை நின்றுபோகும் என்பார்கள். வரம்புகளில் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் நின்றார்கள்.

கந்தையர் முன்னால் வந்து மறித்தார். "தங்கச்சி, கலப்பையை விடு. மழை நிண்டிடும். உன்னால ஊரே கெடப்போகுது."

"மழை நிண்டால் வந்து என்னட்டைக் கேளுங்கோ அண்ணை. இப்ப வழியை விடுங்கோ, மாடு திரும்பவேணும்."

அவர் விலகத்தான் வேண்டியிருந்தது. வெள்ளையன் ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருந்தான்.

அம்மாவின் உழவுச் சால்கள் நேராக இருக்கவில்லை. முதல் நாள் பாம்பு ஊர்ந்தது போலக் கிடந்தன. ஆனால் மண் புரண்டது. மழை நான்கைந்து நாள் நின்றதும் உண்மை. அந்த நாட்களில் கிணற்றடியில் அம்மாவுக்கு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. பிறகு மழை வந்தது, வரம்பு உடைய வந்தது. நின்றபோது அம்மாவால் நின்றது என்றவர்கள், வந்தபோது பிள்ளையார் தந்தார் என்றார்கள்.

ஓவசியர் சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு வந்தபோது, அம்மா விதைப்புக்கு முந்திய கடைசி உழவில் நின்றா. கந்தையரும் பின்னால் வந்தார்.

"காணிக்காரன் எங்க?"

"காலில வெட்டு. வீட்டில படுத்திருக்கிறார்."

கந்தையர் குரலைத் தாழ்த்தி, "பொம்பிளை உழுத காணி ஐயா. இதை உழுததெண்டு எடுக்கேலுமோ?" என்றார்.

"மண்ணைப் பாருங்கோ ஐயா" என்றா அம்மா. "ஆர் உழுததெண்டு பாக்கிறதெண்டால் என்னைப் பாருங்கோ. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுங்கோ."

ஓவசியர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். கணுக்கால்வரை புதைந்தது. அப்படியே நின்று மாடுகளைப் பார்த்தார்.

"நல்ல நுகம். என்ன மரம், முதிரையோ?"

"கட்டில், ஐயா."

"கட்டில் எண்டொரு மரமோ?"

"படுக்கிற கட்டில். பாலை நுகம் மாட்டின்ர கழுத்தைத் திண்டுபோட்டுது. அதுதான் கட்டிலை அறுத்தனாங்கள்."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் வெள்ளையன் மிரண்டு ஓரடி வைத்தான். சிரித்து முடிந்து சேற்றிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வரம்பில் ஏறியவர், "கந்தையா, உம்மட தம்பிக்கு வேற இடம் பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காணி எங்களிடம் நின்றது. காற்புண் மாறியதும் அப்பு அந்தக் கட்டிலுக்குப் பாலையில் ஒரு சட்டம் போட்டார். மூன்று பக்கம் தேக்கு, ஒரு பக்கம் பாலை. அதற்குப் பிறகு கட்டிலை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. அறுவடை முடிந்து வந்த மாமி அந்தப் பாலைப் பக்கத்தில் ஏறியிருந்துதான் புத்தரிசிப் பொங்கல் சாப்பிட்டா.

இப்போது வீதியோரத்துப் பாலை மரங்கள் இல்லை. வெட்டி ஏற்றிக்கொண்டு போனவர்கள் அடிக்கட்டைகளை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள். முதிரையை லொறியில் பார்க்கிறேன், காட்டில் பார்ப்பதில்லை. கட்டில், நுகம், மாடுகள், அப்பு, அம்மா, ஒன்றும் இல்லை. உழவு இயந்திரம் வந்து அரை நாளில் வயலைப் புரட்டிவிட்டுப் போகிறது. பெண் கலப்பை பிடித்தால் மழை நிற்கும் என்ற பேச்சும் எங்கோ தொலைந்துவிட்டது. தொலைந்தவற்றுக்கெல்லாம் இரங்கி எழுதவேண்டும் என்று சொல்கிறார்கள். அந்தப் பேச்சுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடப்போவதில்லை. காணியை விற்றுவிட்டு ஊருக்கு வரச்சொல்லி இன்றைக்கும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறேன். முந்தநாள் வந்தவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, வெறும் காலோடு வயலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். விதைத்து ஒரு கிழமைதான், பயிர் பச்சை காட்டத் தொடங்கியிருக்கிறது.