நுரெத்தின் அண்ணன் பயணியாக ஏறிய நாள்

துருக்கியின் செல்சுக்கிலிருந்து ஷிரின்ஜே கிராமத்துக்கு மலையேறும் மினி பஸ் ஓட்டுபவர்களில் நுரெத்தின் அண்ணன்தான் மூத்தவர். பாதையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துபடி. ஆனால் வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டி அந்த ஊருக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. டீ குடிப்பார், கண்ணாடி துடைப்பார், தாமதமாக வரும் பயணிகளைத் திட்டுவார், வராதவர்களை விட்டுவிட்டு மலையிறங்கிவிடுவார்.

இது அவர் மனைவி ஃபெரிதே அண்ணிக்குத் தெரிந்துபோனது.

"ஊர் உலகமே வந்து பாக்குற இடம். சுத்திக் காட்டுங்கன்னா, எனக்கே தெரியாதுங்கிறீங்களே! அடுத்த லீவுல கிளம்புறோம்."

அந்த லீவு நாளில் வண்டி ஓட்டியது, அதே பாதையில் ஓட்டும் நான். அண்ணன் எனக்கு நேர் பின்னால். முதல் வளைவிலேயே என் இருக்கையில் 'டொம்' என்று ஓர் உதை. இல்லாத பிரேக்கை மிதித்திருக்கிறார்.

"டேய் ரிஃப்கி, கியரைக் குறைடா!"

"குறைச்சாச்சுண்ணே."

"அப்புறம் ஏன் எனக்குக் கேக்கல?"

"ஏங்க, உங்க காலுக்கும் வாய்க்கும் இன்னைக்கு லீவு," என்றாள் அண்ணி. வண்டியே சிரித்தது.

மேலே ஊருக்குள் நடந்ததை அண்ணிதான் பிறகு சொன்னாள். கல் பாவிய ஏற்றத்தில் அவள் விறுவிறுவென்று போக, உட்கார்ந்தே உழைத்த மனிதர் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்திருக்கிறார். ஒயின் கடை ஸரிஃபே அக்கா அவர் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தாளாம்.

"அட, கீழ நின்னுக்கிட்டு 'கிளம்பியாச்சு, கிளம்பியாச்சு'ன்னு கத்துற ஆளு நீங்கதானா? உங்களால என் பூனைக்குத் தூக்கமே போச்சு!"

சிறிய கோப்பைகளில் மல்பெரி, பீச், மாதுளை என்று பழ ஒயின்கள் வரிசையாக வந்தன. முதலாவதைக் குடித்துவிட்டு "இருமல் மருந்து" என்றார் அண்ணன். இரண்டாவதை ஒரே மடக்கில் காலி செய்தார். மூன்றாவதைக் குடித்துவிட்டுத் திராட்சைப் பந்தலடியில் காலை நீட்டிக்கொண்டார். எதிர்ச் சரிவு முழுக்க ஆலிவ் மரங்கள்.

"ஃபெரிதே, இந்த மலை இவ்வளவு பெருசா?"

"நீங்க ரோட்டைத் தவிர என்னத்தைப் பாத்தீங்க?"

அப்போது கீழிருந்து என் ஹாரன் கேட்டிருக்கிறது. அண்ணி பையை எடுத்தாள். அண்ணன் அசையவில்லை.

"அடிக்கட்டும். அவனுக்கு என்ன அப்படி அவசரம்?"

என் பயணிகள் முணுமுணுக்கத் தொடங்கியதும் நான் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"பெரிய மனுஷனை விட்டுட்டு வருவியாடா? மனசாட்சி இருக்கா உனக்கு?"

"தொழில் கத்துக் கொடுத்ததே நீங்கதாண்ணே!"

காலரை விட்டார்.

"சரி, இனிமே கொஞ்சம் பொறுத்துத்தான் எடுப்போம். மேல இருக்கிறவங்களுக்கு எந்திரிக்க மனசு வராதுடா."

முந்தின நாள், பீச் பழக் கூடைகள் ஏற்றிய டிராக்டரில் இருவரும் மலையிறங்கினார்களாம். வழி நெடுக அண்ணி பாட, கூடையைத் தட்டித் தாளம் போட்டது அண்ணன்தான் என்று டிராக்டர்காரர் சத்தியம் செய்கிறார். அண்ணன் மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.