பரணும் ஆகாயக் கரண்டும்

போண்டா மடித்து வந்த தாளில் எண்ணெய் வாசத்தோடு ஒரு படமும் இருந்தது: வானத்தில் மிதக்கும் வீடு போன்ற ஒன்று, இரு பக்கமும் கதவை விரித்தாற்போல் சூரியத் தகடுகள். வெள்ளிமலைப் பக்கம் எங்கள் ஊருக்கு அப்போது கரண்டு வரவில்லை. எல்லாம் தெரிந்தவராகத் தன்னை நினைத்துக்கொண்ட பெரியப்பாவுக்கு எழுத்து மட்டும் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். பெரிய கட்டுமானங்களைத் துண்டு துண்டாக ராக்கெட்டில் ஏற்றி, மேலேயே இணைத்து, மேகம் மறைக்காத அந்த இடத்தில் வெயிலைக் கரண்டாக்கி, கம்பியில்லாமல் பூமிக்கு அனுப்பலாம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே தாள் கிழிந்திருந்தது. நான் விடவில்லை, "அடுத்த வருஷமே வருதாம்" என்று என் பங்குக்குச் சேர்த்துவிட்டேன்.

"இதுல இன்னாடா அதிசயம்? நம்ம 'பரண்' மாரிதான். கொம்பு கொம்பா மேல ஏத்திக் கட்டறான்" என்றார் பெரியப்பா. சாமைக் காட்டில் பன்றி விரட்ட அவர் கட்டிய பரண் காற்றுக்கும் ஆடாது என்பதில் அவருக்கு அத்தனை தலைக்கனம்.

அந்த மாதமே கரண்டுக் கம்பம் நட ஆட்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கான கம்பம் பரண் நின்ற இடத்தில்தான் வரவேண்டும். "பரணப் பிரிக்க முடியாது. ஆகாசத்துலேந்து கரண்டு வந்துக்கினு இருக்குது" என்று விரட்டினார் பெரியப்பா. "அப்ப மீட்டரும் அங்கியே வாங்கிக்கோங்க" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் அக்கா கையெடுத்துக் கும்பிட்டும், வீட்டுக்குப் பெரியவரான அவர் அசையவில்லை. "மேல கட்டி முடிக்கிற வரிக்கும் நீ சிம்னியத் தொடச்சிக்கினு இருடி" என்று அவர் காதுபட அம்மா சொன்னதோடு சரி. ஊரே பளிச்சென்றிருக்க, அக்கா மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரியப் படித்து, கணக்கில் தோற்று, படிப்பையே விட்டாள். எல்லாரும் பெரியப்பாவின் முட்டாள்தனத்தை ஏசினார்கள். என் புளுகை யாரும் ஏசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம் உண்டா, பிள்ளைகளே?

இப்போது பரண் இல்லை. அங்கே கம்பம் நிற்கிறது. ஆள் குடியிருக்கும் விண்வெளி நிலையம் சில நாள் பொழுது சாயும்போது எங்கள் மலைக்கு மேலே நட்சத்திரம்போல் ஓடுகிறது. துண்டு துண்டாகத்தான் கட்டினார்கள். அதில் பெரியப்பா சொன்னது சரி. ஆனால் அது எடுக்கும் கரண்டு அதற்கே சரி. நமக்கு ஒரு பல்புக்கும் இல்லை.

போன வாரம் என் மகள் செல்போனோடு ஓடிவந்தாள். "அப்பா, ஆகாசத்துலேந்து கரண்டு வரப்போவுதாம்!"

"கடைசி வரி வரிக்கும் படி" என்றேன்.

"இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குதாம்."

பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் அந்தக் கிழிந்த தாளில் நான் சேர்த்த புளுகைப் பற்றி அன்றுதான் சொன்னேன். அவள் அடுத்த காயை எடுத்தாள்.

"நானுந்தான் அந்தத் தாளப் படிச்சேன். அதுல அப்பிடி இல்லன்னு பெரியப்பாகிட்ட சொன்னேன். ஆம்பளப்புள்ள படிச்சதுதான் அந்தாளு காதுல ஏறிச்சி."