மெசின் காற்று

என் வீட்டுக்காரருக்கு வீட்டில் மூச்சு முட்டும், சுரங்கத்துக்குள் முட்டாது. எங்கள் சண்டை இதில்தான் தொடங்கியது.

அவர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மெசின் ஓட்டினார். மேலேயிருந்து குழாயில் அழுத்தி அனுப்பும் காற்றால் அது ஓடும். ஓட்டி முடித்த காற்று ஜில்லென்று பக்கவாட்டில் பீறிடும். அந்தப் புழுக்கத்தில் அதற்கு முகத்தைக் காட்டி நிற்பதுதான் அவர்களுக்குச் சொர்க்கம். "அந்தக் காத்து இங்க ஏது மே?" என்பார். ஷிப்ட் முடிந்து வந்தாலோ நாலடி நடப்பதற்குள் மூங்கில் தட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

பழி என் அடுப்பின் மேல் விழுந்தது. அடுப்பை வெளியே கொண்டுபோனேன். மழையில் தலைக்கு முறத்தைப் பிடித்துக்கொண்டு களி கிளறினேன். மிளகாய் தாளிப்பதை விட்டேன், கோழிகளையும் விற்றேன். அப்படியும், "இன்னும் பொகை நாத்தம் போவல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் களித் துடுப்பாலேயே ஒன்று போட்டிருப்பேன். மனிதர் இருமிய இருமலைப் பார்த்துக் கை வரவில்லை.

ஒரு நாள் அவரை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கம்பவுண்டர் எங்கள் கோயில் சபைக்காரர். முதுகில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இங்க பாரும்மா," என்றார். "விலா எலும்புக்குக் கீழ தட்டையா ஒரு சதை இருக்குது. அது எறங்குனா நெஞ்சுல எடம் உண்டாவும், காத்து உள்ள வரும். தொண்டைக் குழாய் ரெண்டாப் பிரிஞ்சி, கெளை கெளையாப் போயி, கடைசில நொரை மாதிரி சின்னச் சின்னப் பை. அதோட தோலு அவ்ளோ மெல்லிசு. அதும்மேல ஓடற ரத்தம் நல்ல காத்த எடுத்துக்கினு கெட்டத வுட்டுடும்."

"இவருக்கு அங்க இன்னா?"

"கல்லு மாவு. பெரிய தூளுன்னா மூக்கும் சளியும் புடிச்சி வெளிய தள்ளிடும். இது கண்ணுக்கே தெரியாது, அடி வரைக்கும் போயி உக்காந்துக்கிச்சி. அதச் சுத்தித் தழும்பு கட்டுது. தழும்பு கட்டுன பை விரியாது."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "அப்போ கீழ மட்டும் எப்பிடி வருதாம்?"

"மொகத்துல ஜில்லுனு காத்து பட்டா தெணறல் தெரியாதுப்பா. உள்ள போறது அதே அளவுதான். தூளும் அங்கதான் பறக்குது."

திரும்பும் வழியெல்லாம் கம்பவுண்டரைக் கரித்துக்கொட்டினார். "அந்தாளு ஒரு தபா கேஜ்ல ஏறி சொரங்கத்துல எறங்கியிருக்கானா?"

நான் அவரிடம் சொல்லாமல் மேஸ்திரியின் வீட்டுக்குப் போய், இவரை இனிக் கீழே இறக்க வேண்டாம் என்று காலில் விழுந்தேன். மறுநாள் அவரை கேஜில் ஏற்றவில்லை. யாருடைய வேலை என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். பிறகு நான் தங்கக் கல்லை அரைக்கும் மில்லுக்குக் கல் பொறுக்கப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து சுரங்கத்தின் ஷாப்ட் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசுவதில்லை.

தூசியை விட்டால் தேறிவிடுவார் என்று நம்பியிருந்தேன். தேறவில்லை. தூள் நின்றாலும் உள்ளே தழும்பு வளர்வது நிற்காது என்று கம்பவுண்டர் பிறகுதான் சொன்னார். எங்கள் குடியிருப்பு லைன் முழுக்க என்னைத்தான் மென்றார்கள். "மெசின வுட்டாரு, மூச்சும் போச்சு. எல்லாம் பொண்டாட்டி பண்ண வேலை." ஒவ்வொருத்தியிடமும் அந்த நுரைப் பைகளைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். எவள் கேட்டாள்?

கடைசியில் அவரால் படுக்கவும் முடியவில்லை. சுவரில் சாய்ந்து, தோள் இரண்டையும் தூக்கித் தூக்கிக் காற்றைப் பிடித்தார். பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் பேசாதவர் அன்று பேசினார். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கியது.

"நீதான்... என்ன... கொன்னுட்ட."

இல்லை என்று சொல்ல நெஞ்சு முட்ட வார்த்தை இருந்தது. சொன்னால் அவர் மறுத்துப் பேசுவார், பேச மூச்சு செலவாகும்.

"ஆமாய்யா, நான்தான்," என்றேன்.