அக்காவுக்கு மட்டும் சொன்ன வார்த்தை

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகளில் தச்சு வேலை. பட்டாபிராமில் குடியிருந்தோம். எங்களுக்கு ஒரு பெண், அவளுக்கு இளையவன் ஒரு பையன். பையனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் மட்டும் ஊருக்கே போதும்! தூரத்தில் வருவது கூட்ஸா பாசஞ்சரா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

ஐந்து வயதில் அவனைப் பட்டணத்துக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இனி பார்வை வர வழியில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். திரும்பும்போது ரயிலில் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனோ ஜன்னலோரம் உட்கார்ந்து, எஞ்சினோடு போட்டி போட்டுக் கூவிக்கொண்டு வந்தான்.

அம்பத்தூரில் தயிர் விற்கும் அம்மாள் ஒருத்தி காலிப் பானையோடு ஏறினாள். இவன் கூவலைக் கேட்டுச் சிரித்தவள், "வா கண்ணு, என் மடில குந்து" என்று கையை நீட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று கேட்க வேண்டுமா?

"பார்வை இல்லாத புள்ளயப் போயி கண்ணுன்றியே, நல்லாகீதா உனக்கு?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. "தெரியாம சொல்லிட்டேம்மா" என்றாள்.

பையன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "அவங்கள திட்டாதம்மா. நீ அக்காவ மட்டும் கண்ணு கண்ணுன்னு கூப்புடுற. என்னிய ஒரு வாட்டி கூட கூப்புடல. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் மனசு நோகக்கூடாது என்றுதான் அந்த வார்த்தையை அவனிடம் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன். பிள்ளை அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"கூப்புடும்மா, கொயந்த கேக்குதுல்ல" என்றாள் தயிர்க்காரி. அவள் கண்ணில் தண்ணீர்.

அவனை இழுத்து அணைத்துக்கொண்டு, "என் கண்ணு" என்றேன். "இன்னொரு வாட்டி" என்றான். பட்டாபிராம் வரும் வரை விடவில்லை, படுவா!

இன்று அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுகிறேன்; என் வாய் கூசியது என்பதற்காக, அவனுக்குச் சேர வேண்டிய வார்த்தையை ஐந்து வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தேனே என்ற வருத்தம் மட்டும் இன்னும் தீரவில்லை.