பிச்சைமுத்துவின் முழங்கால்

சிதம்பரநாதன் சிங்கப்பூரில் டாக்டர் படிப்பை முடித்து, பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவைத் தொழில் பழகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதில் அவர் கத்தி வைத்ததெல்லாம் சீழ்க்கட்டிகளில்தான். பெரிய அறுவையை வெள்ளைக்கார டாக்டர் துரை செய்வார். இவர் பக்கத்தில் நின்று, பிடிக்கச் சொன்னதைப் பிடிப்பார். தமிழ் நோயாளி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. துரை இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்லி, சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வாங்க வேண்டும். கண் விழித்துப் படித்தது இதற்குத்தானா என்று எரிச்சலாக வரும்.

ஆனாலும் ஆசை விடுமா? சௌரஸ்தா சந்தையில் ஆட்டுக்கால் வாங்கி வந்து, வீட்டில் வெட்டித் தைத்துப் பழகுவார். தையலைப் பிரித்துத் தந்தால்தான் அடுப்பில் ஏற்றுவேன் என்று மனைவி ருக்குமணி கறாராகச் சொல்லிவிட்டாள். டாக்டர் உட்கார்ந்து நூல் பிரிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் பிச்சைமுத்து வந்து சேர்ந்தார். துறைமுகத்திலிருந்து கிட்டங்கிகளுக்கு மாட்டுவண்டியில் அரிசி மூட்டை கொண்டுபோகிறவர். சக்கரம் பாதத்தில் ஏறிவிட்டது. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறார். பாதம் கறுத்து, வார்டே மூக்கைப் பொத்தியது. துரை பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், நாளைக்குத் தள்ளினால் ஆள் தங்கமாட்டார் என்றார்.

பிச்சைமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிதம்பரநாதன் கெஞ்சினார், மிரட்டினார், பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல்தான் மனுஷன் வாய் திறந்தார்.

“தொரை கை வைக்க வேணாம்லா. நம்ம ஆளு, நீங்க அறுக்கிறதா இருந்தா கைநாட்டு வைக்கிறேன். ஆனா முட்டி எனக்கு வேணும்யா. முட்டி இருந்தா மரக்கால் கட்டியாச்சும் வண்டியில ஏறிருவேன்.”

பக்கத்தில் மைத்தட்டோடு நின்ற, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸர் சீனி முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொன்னால் கைநாட்டு இல்லை. கைநாட்டு இல்லையென்றால் உயிர் இல்லை.

“நான்தான் அறுப்பேன் அண்ணே. முட்டிக்குக் கீழதான்.”

சொல்லி, கைநாட்டையும் வாங்கிக்கொண்டு நேரே துரையிடம் போனார். இந்த ஒரு காலை மட்டும் என்னிடம் விடுங்கள் என்று கேட்டார். அதுவரை அவர் யாரிடமும் அப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. துரை கை கழுவிக்கொண்டே, உனக்கு இன்னும் காலம் வரவில்லை, நீ காலைப் பிடித்துக்கொள் என்றார்.

பிடித்துக்கொண்டார். கீழே கீறிப் பார்த்த துரைக்குச் சதையின் நிறம் பிடிக்கவில்லை. கத்தியை முழங்காலுக்கு மேலே கொண்டுபோனார். கீழேயே ரத்தம் வருகிறதே, சதைக்கு உயிர் இருக்கிறதே என்று சிதம்பரநாதன் சொன்னார். சத்தம் அவர் காதுக்கே சரியாக எட்டவில்லை, துரை நிமிரவில்லை. ரம்பம் நின்றபோது, முழங்காலோடு சேர்த்து முழுப் பாரமும் அவர் கைகளில் இறங்கியது. துரை செய்தது சரியாகவும் இருக்கலாம். அது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

பிச்சைமுத்து பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறார். சிதம்பரநாதன் கட்டிலருகே வந்தபோது கை இன்னும் அங்கேயே இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றுதான் அவரும் வந்திருந்தார். ஆனால் இந்தப் பொய் வெளியே போனால் நாளை வண்டிப்பேட்டை ஆள் ஒருவரும் கைநாட்டு வைக்கமாட்டார். அதைவிட, ஏமாந்துபோனோம் என்று இந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டுமா?

“நீங்கதானேய்யா அறுத்தீங்க?”

“ஆமாண்ணே. நான்தான்.”

ஏசுவார் என்று காத்து நின்றார். ஏசியிருந்தால் தேவலை. பிச்சைமுத்து வெகுநேரம் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடுங்கய்யா, வருத்தப்படாதீங்க. பழகுற கைதானே, கொஞ்சம் மேல போயிருச்சு. அடுத்து வர்றவனுக்காச்சும் முட்டிய விட்டு அறுங்க.”

அப்படியே செய்கிறேன் என்றார் சிதம்பரநாதன். வேறு என்ன சொல்ல முடியும்?