ஊதா மசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை

என் கல்யாணப் பத்திரிகை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கோடு போடாத வெள்ளைத்தாள், ஊதா எழுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள். அடியில், அழைப்பவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதற்குக் கீழே நீல மையில் என் சித்தப்பாவின் பெயர். ரேகை அம்மாவுடையது. அது எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். அட்டுவம்பட்டியில் எங்கள் வீடு. நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். நான் சிறுமியாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டு என்னைப் படிக்க வைத்தவள் அம்மா. மாப்பிள்ளை பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் அவள்தான். ஆனால் பத்திரிகையில் மட்டும் பாலசமுத்திரத்துச் சித்தப்பா அழைக்க வேண்டுமாம். புருஷனை இழந்தவள் பெயரில் கல்யாணத்துக்கு அழைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. எனக்கு அது பொறுக்கவில்லை. பழனி அச்சகத்தில் கொடுத்தால், தயாராக இருக்கும் வாசகத்தில் சித்தப்பா பெயரைக் கோத்து அடித்துத் தந்துவிடுவார்கள். மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. பத்திரிகையை வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பள்ளியில் கேள்வித்தாள் எடுக்க ஒரு ஜெல்லித் தட்டு உண்டு. ஜெலட்டினையும் கிளிசரினையும் காய்ச்சித் தகரத் தட்டில் ஊற்றினால் இறுகிவிடும். எங்கள் ஊர்க் குளிரில் கேட்கவே வேண்டாம். அதற்கென்று இருக்கும் ஊதா மசியில் ஒரு தாளில் எழுதி, ஜெல்லியின் மேல் கவிழ்த்து அழுத்தினால், எழுத்தெல்லாம் இடவலம் மாறி அதில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத்தாளை வைத்துத் தடவி எடுத்தால் நேராக எழுந்து வரும். எத்தனையோ முறை செய்தும் எனக்கு அது அலுத்ததே இல்லை. அன்று மத்தியானம் அந்தத் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரிகை எடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மாவும் பூண்டு ஆய்வதை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜெல்லியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஏ பிள்ள, மசிதான் உள்ள போயிருச்சே, பெறகு எப்படி வெளிய வருது?”

எனக்கும் சரியாகத் தெரியாது. டீச்சர் தோரணையில் ஏதோ சொல்லி வைத்தேன்.

அம்மாவுக்கு எழுத வராது. ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஒரு பத்திரிகையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தவள், அடியில் நின்றுவிட்டாள். அங்கே அவள் பெயரைப் போட்டிருந்தேன். அதை இரண்டு முறை கூட்டி வாசித்தாள்.

“என் பேர எதுக்குடி போட்ட? நான் கூப்புட்டா யாரு வருவா? ஒன் கல்யாணப் பந்தலு ஆளில்லாமக் கெடக்கணுமா? வெரசா அழி.”

“நான் அழிக்க மாட்டேன். வேணாம்னா நீயே அழிச்சுக்க. ஜெல்லிய ஈரத்துணியால தொடச்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு, விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போனேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்தபோது ஈரத்துணி ஊதாவாகச் சுருண்டு கிடந்தது. ஜெல்லியில் அவள் பெயர் இல்லை. அந்த இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

“அழிக்கையில கை பட்டுருச்சு. கீழ சித்தப்பா பேர எழுதிரு” என்றாள், கட்டைவிரலை முந்தானையில் துடைத்தபடி.

மறுபடி துடைத்தால் மேலே உள்ள வரிகளும் கலைந்துவிடும்; புதிதாகக் காய்ச்சக் கிளிசரின் இல்லை. முதலில் எடுத்த பத்திரிகைகளை அவளே அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தாளிலும் ரேகை விழுந்தது. ஒவ்வொன்றிலும் சித்தப்பாவின் பெயரை அழுதுகொண்டே எழுதினேன்.

பாதை சரியானதும் முதல் பத்திரிகையைச் சித்தப்பாவிடம் கொடுக்க இருவரும் இறங்கிப் போனோம். அவர் முகம் சுளித்தால் பாலசமுத்திரத்திலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். அம்மா ஊதா விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சித்தி எட்டிப் பார்த்து, “என்னங்க, அழுக்காக் கெடக்கு?” என்றாள்.

“அழுக்கில்ல. மதினி கைநாட்டு” என்றார் சித்தப்பா. “நெலத்த அவங்க பேருக்கு எழுதுனப்பவும் இப்படித்தான். மேல அவங்க நாட்டு, கீழ என் சாட்சிக் கையெழுத்து. மதினிதான் கூப்புடுறாங்க. நான் சாட்சி.” பிறகு வாசல் பக்கம் திரும்பி, “உள்ள வாங்க மதினி” என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானைக்குள் இருந்த கையை மட்டும் வெளியே எடுத்தாள்.

பழனி அடிவாரத்தில் கல்யாணம். சாட்சி சொன்னவர் ஊரையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்; பந்தியில் இலை போதவில்லை. பின்னால் ஒருமுறை அம்மாவிடம் அந்த ரேகையைப் பற்றிக் கேட்டேன். “சோலி கெடக்கு, போடி” என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது பத்திரிகைகள் போனிலேயே வருகின்றன. போன வாரம் வந்த ஒன்றில், கணவரை இழந்த ஒரு தாயின் பெயர்தான் அழைப்பவர் பெயராக இருந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. எனக்குத்தான் பெட்டியைத் திறக்கத் தோன்றியது. ஊதா எழுத்துகள் வெளுத்துவிட்டன. செய்தித்தாள் வாசிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை ரேகையின் மேல் பிடித்தேன். துடைக்கும்போது தவறிப் பட்ட விரல் என்றால் இழுபட்டிருக்கும், கோடுகள் கலங்கியிருக்கும். இதில் ஒரு கோடுகூடக் கலங்கவில்லை. பத்திரத்தில் வைப்பதைப் போல, ஓரத்திலிருந்து ஓரம் வரை நிதானமாக உருட்டி வைத்த விரல் அது.